ஆறு பல் சிரிப்பு

அத்திப்பழத்தைப் புட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்பார்கள். அந்த ஓவியரைப் பற்றி ஊரில் யாருக்கும் அப்படித் தோன்றியதில்லை. பழத்தைப் புட்டுப் பார்க்கும் தூரத்துக்கு அவர் யாரையும் விட்டதில்லை.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே ஒரு படம்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு சாப்பாட்டு மேசை. மேசைமேல் ரொட்டி, பழங்கள், ஒரு முழு மீன், ஒரு கேக். அப்பா ரொட்டியை அறுக்கிறார். நீல உடை போட்ட அம்மா நமக்கு முதுகைக் காட்டி நின்று பரிமாறுகிறாள். பையன் தட்டைப் பார்த்துச் சிரிக்கிறான். மஞ்சள் சட்டை போட்ட ஆறு வயதுக் குழந்தை நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. அதன் கண்ணில் ஒரு மினுக்கம். அந்த மினுக்கத்துக்காகவே அந்தப் படத்தை வாங்கி மாட்டியவர்கள் லட்சம் பேர். பிஸ்கட் டப்பாவில் அந்தப் படம், கடிகாரத்தில் அந்தப் படம், பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் அந்தப் படம். பிள்ளைகள் சாப்பிட அடம்பிடித்தால், “அந்தப் பாப்பாவைப் பாரு, எப்படிச் சமத்தா உட்கார்ந்திருக்கு” என்று சொல்லாத தாய் இல்லை. ஓவியருக்கு ‘எல்லார் வீட்டு அப்பா’ என்றே பட்டப்பெயர்.

அந்தப் பாப்பாவுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். தினமும் எண்ணூறு விரிப்புகள் அவள் கைவழியே போகும். ரத்தம், சீழ், மலம், மூத்திரம் எல்லாம் பார்த்தவள். மனித உடம்பிலிருந்து வருகிற எதுவும் அவளுக்கு அருவருப்பில்லை. பாவம், உடம்பு என்ன செய்யும், அது ஒளித்துவைக்கத் தெரியாத வெகுளி என்பாள். அவளுக்குக் குமட்டுவது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அவள் அப்பாவான அந்த ஓவியரின் வீடு.

அந்த வீட்டுக்குத்தான் அன்று அவள் வந்திருந்தாள். அம்மாவை அழைத்துப் போக.

அம்மாவுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து எட்டு மாதம் ஆகிறது. வாய் கோணிவிட்டது. எல்லார் வீட்டு அப்பாவின் மனைவிக்கு வாய் கோணலாமா? வெளியே தெரியக்கூடாதென்று நர்ஸ் வைக்கவில்லை. வீட்டுக்கு வரும் டாக்டரையும் நிறுத்தியாகிவிட்டது. ஓவியக்கூடத்துக்குப் பின்னால் படச் சட்டங்கள் அடுக்கும் அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, அம்மாவையும் ஒரு சட்டம் மாதிரி சாத்திவைத்துவிட்டார்கள். பாப்பா தன் வீட்டில் ஓர் அறையைக் காலி செய்து, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டிலுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு இரண்டு முறை வந்து கேட்டாள். இரண்டு முறையும் உள்ளே விடவில்லை. புகார் கொடுக்கலாம் என்று காவல் நிலையம் வரை போனாள். அங்கே எழுதுகிறவரின் தலைக்கு மேலேயே அந்தப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டாள்.

போன வாரம் அப்பாவே போன் செய்தார். படத்துக்கு நாற்பது வயதாகிறதாம். ஒரு பெரிய பத்திரிகையிலிருந்து வருகிறார்களாம். அதே மேசை, அதே சாப்பாடு, அதே குடும்பம். அப்படியே உட்கார்ந்து ஒரு புகைப்படம்.

“வந்து உட்கார்ந்து சிரி. சாயங்காலம் உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போ. பின்வாசல் வழியா. இருட்டினப்புறம்.”

“சத்தியமா?”

“உன் சிரிப்பு சரியா இருந்தா.”

அவள் சரி என்றாள்.

பின்வாசலில் அண்ணன் நின்றிருந்தான். ஐம்பது வயது, அப்பாவின் படங்களை அச்சடித்து விற்கும் காரியமெல்லாம் அவன் கையில். அப்பா தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான்.

“மஞ்சள் சட்டை கொண்டு வந்தியா?”

“எனக்கு நாப்பத்தாறு வயசுண்ணா. நான் மஞ்சள் போட்டா வாழைப்பழத்துக்குப் பூசணம் பூத்த மாதிரி இருக்கும்.”

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அதை விழுங்கினான். “உங்க அண்ணி ஒண்ணு தைச்சு வெச்சிருக்கா. வாக்குவாதம் பண்ணாம போட்டுக்கோ.”

“முதல்ல அம்மாவைப் பார்க்கணும்.”

அவன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பின்னறையைத் திறந்துவிட்டான். உள்ளே வரவில்லை.

வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாடைதான் முதலில் அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. சலவைக்கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அதை அவள் சொல்லிவிடுவாள்: படுக்கைப் புண். அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்தாள். இடுப்பெலும்புக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போயிருந்தது. அதன்மேல் வண்ணம் துடைக்கும் துணி ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். நீலச் சாயம் புண்ணில் ஒட்டியிருந்தது.

அவள் தன் பையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்தாள். புண்ணைத் துடைத்தாள். அந்தத் துணியை மட்டும் இரண்டு விரலால் தூக்கி மூலையில் எறிந்தாள்.

“அம்மா, இன்னிக்கு நம்ம வீட்டுக்குப் போறோம்.”

அம்மா பாதி வாயால் பேசினாள். “வேலை... இருக்கே.”

“உனக்கென்னம்மா வேலை?”

“நிக்கணும்.”

ஆமாம். அந்த வீட்டில் அம்மாவின் வேலை அதுதான். மேசைக்கு முன்னால் முதுகைக் காட்டி, கையில் பாத்திரத்தோடு, மூன்று மணி நேரம் நிற்பது. முகம் சரியாக அமையவில்லை என்று அப்பா அவளைத் திருப்பி நிறுத்திவிட்டார். ‘எல்லாத் தாய்மாரும் அந்த முதுகில் தெரிகிறார்கள்’ என்று பிற்பாடு பெரியவர்கள் எழுதினார்கள்.

அண்ணன் அறையை மறுபடி பூட்டினான். கூடத்துக்கு வந்தால் அங்கே இன்னோர் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நீல உடை, தலையில் நரைமுடி டோப்பா. பாப்பாவுக்கு ஒரு நொடி தூக்கிவாரிப்போட்டது. அது அண்ணி.

“முதுகுதானே தெரியப்போவுது, நீயே நில்லுன்னுட்டாரு மாமா,” என்றாள் அண்ணி, டோப்பாவுக்கு அடியில் சீப்பை விட்டுச் சொறிந்துகொண்டே. “அவங்க கேட்டா, மாமிக்கு வெட்கம், பேசமாட்டாங்கன்னு சொல்லணுமாம். எனக்கு நாலு நாளா தூக்கமில்ல பாப்பா. உசிரோட இருக்கறவங்க முடியை மாட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு.”

“அப்ப கழட்டுங்க அண்ணி.”

“கழட்டிட்டு எங்க போறது?”

ஓவியர் வந்தார். எண்பதைத் தொட்டும் நிமிர்ந்த நடை. மகளைப் பார்த்து வா என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு விரலை அவள் தாடைக்கு அடியில் கொடுத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

“கிழடு தட்டிருச்சு. பல்லு இருக்கு, போதும். எத்தனை?”

அவள் தாடையை விலக்கிக்கொள்ளப் பார்த்தாள்.

“எத்தனைன்னு கேட்டேன்.”

“ஆறு.”

“ஆறு. ஏழு தெரிஞ்சா அது இளிப்பு. அஞ்சுன்னா கஞ்சத்தனம். மறந்துடாதே.”

விரலை எடுத்த பிறகும் தாடையில் பிசுபிசுப்பு இருந்தது. வார்னிஷ். அப்போதுதான் அவள் மேசையைப் பார்த்தாள்.

ரொட்டி மினுமினுத்தது. பழங்கள் மினுமினுத்தன. மீனும் கேக்கும் கண்ணாடிபோல் மினுமினுத்தன. ஓரத்தில் வார்னிஷ் கிண்ணமும் தூரிகையும் இன்னும் ஈரமாக இருந்தன.

அந்த வீட்டின் ரகசியம் அவ்வளவுதான். ஒரு படத்துக்கு மூன்று வாரம் ஆகும். மூன்று வாரமும் சாப்பாடு மேசைமேல் அப்படியே இருக்கவேண்டும்; காயக்கூடாது, நிறம் மங்கக்கூடாது. அதனால் எல்லாவற்றின் மேலும் வார்னிஷ் பூசிவிடுவார். பிள்ளைகள் அதற்கு முன்னால் பசியோடு உட்காரவேண்டும். பசித்தால்தான் பார்வையில் ஆசை வருமாம். வெளிச்சம் போன பிறகு சமையலறையில் நின்றபடி எதையாவது விழுங்கிக்கொள்ளலாம். அந்த மேசையில் அந்தக் குடும்பம் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

அந்தப் படம் வரைந்த இரண்டாம் வாரம் மீன் அசைய ஆரம்பித்தது. வார்னிஷ் தோலுக்கு அடியில் மெல்ல மெல்ல நெளிந்தது. ஆறு வயதுப் பாப்பா அதற்கு உயிர் வந்துவிட்டது என்று நினைத்தாள். பாவம், அதைக் கொஞ்சவும் செய்தாள். அண்ணன்தான் காதில் சொன்னான், உள்ளே என்ன நெளிகிறதென்று. மூன்றாம் வாரம் பசி தாங்காமல் கேக்கின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். உதடு வெந்தது. தூரிகையின் கட்டையால் அப்பா அவள் விரல் முட்டியில் நாலு வைத்தார். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. “அப்படியே இரு! ஆடாதே!” என்று கத்திக்கொண்டு அவர் ஓடிப்போய் வண்ணத்தைக் குழைத்தார். லட்சம் வீட்டுச் சுவரில் மினுங்குகிற அந்த மினுக்கம் அப்படி வந்ததுதான்.

“இன்னிக்கு எதுக்குப்பா இது? ஒரு மணி நேர வேலைதானே,” என்றாள் பாப்பா.

“பூசாத சாப்பாடு படத்துல செத்த சாப்பாடு,” என்றார் ஓவியர். “போய் அந்தச் சட்டையை மாட்டு.”

பத்திரிகையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நிருபர் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், முகத்தில் பயண அலுப்பு. புகைப்படக்காரர் நடுவயது மனிதர், வாயைத் திறந்தால் கேலி. வாசலிலேயே ஓவியரின் குரல் மாறிவிட்டது.

“வாங்க கண்ணுங்களா, வாங்க! வெயில்ல வந்திருக்கீங்க. இது உங்க அப்பா வீடுன்னு நினைச்சுக்கணும்.”

“எங்கப்பா வீட்டுல இவ்வளவு சாப்பாட்டை ஒரே நேரத்துல பார்த்ததில்லீங்க ஐயா,” என்றார் புகைப்படக்காரர்.

ஓவியர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்கப் பாப்பாவுக்குத் தொண்டையில் எச்சில் ஊறியது, ஓங்கரிப்பு வருமுன் ஊறுமே, அந்த எச்சில்.

நிருபருக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க வீட்டுல இந்தப் படத்துக்குக் கீழதான் மேடம் சாப்பிடுவோம். அம்மாவும் நானும் மட்டும்தான். எனக்கு நீங்கதான் அக்கா. உங்ககிட்ட என் ஸ்கூல் கதையெல்லாம் சொல்லியிருக்கேன்.” பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்த நாளெல்லாம் எப்படி இருந்துச்சு?”

பாப்பாவின் முகம் தானாகச் சிரித்தது. ஆறு பல். ஏழு இல்லை, ஐந்து இல்லை. நாற்பது வருஷம் கழித்தும் அது அங்கேயே இருந்தது, துருப்பிடிக்காத பூட்டு மாதிரி. “நல்லா இருந்துச்சு,” என்று அவள் வாய் சொல்லிற்று. அப்பாவைவிடத் தன் வாய்மேல்தான் அப்போது அவளுக்கு அருவருப்பு அதிகமாக இருந்தது.

உட்கார்ந்தார்கள். அண்ணி முதுகைக் காட்டி நின்றாள். அப்பா ரொட்டியில் கத்தியை வைத்தார். அண்ணன் தட்டைப் பார்த்துச் சிரித்தான். புகைப்படக்காரர் நாற்பது ஐம்பது படம் எடுத்தார். ஒருவரும் ஆடவில்லை, இமைக்கவில்லை.

“என்னங்க இது, கல்லுல செதுக்கின மாதிரி உட்கார்றீங்க! எனக்கு வேலையே இல்ல,” என்றார் அவர். “போதும் ஐயா. அருமை.”

பாப்பா மூச்சுவிட்டாள். முடிந்தது. இன்னும் இரண்டு மணி நேரம், பிறகு இருட்டிவிடும், பிறகு அம்மா.

நிருபர் நோட்டை மூடினாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதவள். “ஐயா, ரொம்ப நாள் ஆசை. இந்த மேசையில ஒரு வாய்...” என்று கேக்கின் ஒரு துண்டை எடுத்தாள்.

“தொடாதீங்க!”

மூன்று குரல். அண்ணன், பாப்பா, முதுகைக் காட்டி நின்ற அண்ணிகூட. பாப்பாவின் கை தன்னை அறியாமல் பாய்ந்து நிருபரின் விரலில் ஓங்கி அடித்துவிட்டது. துண்டு மேசையில் விழுந்தது.

நிருபர் விரலைப் பிடித்துக்கொண்டு விழித்தாள். பிறகு மோந்து பார்த்தாள். “இது... என்ன வாடை?”

“பாதாம் எண்ணெய் கண்ணு,” என்றார் ஓவியர், குரல் பிசிறாமல். “பசங்களுக்கு இது பழைய விளையாட்டு. ஒருத்தர் எடுத்தா இன்னொருத்தர் தட்டிவிடுவாங்க. இந்த வயசுலயும் பாருங்களேன்! பாப்பா, நீ ஒரு துண்டு சாப்பிடும்மா. தங்கச்சிக்குச் சாப்பிட்டுக் காட்டு.”

சொல்லிவிட்டு அவர் பின்னறைக் கதவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சிரித்தார். ஆறு பல்.

கடவுளே, ஒரு மனிதன் இப்படியும் கேட்பானா என்று நீங்கள் நினைக்கலாம். பாப்பா அதை நினைக்கவே இல்லை. அவள் நினைத்ததெல்லாம் புண்ணில் ஒட்டிய நீலச் சாயத்தை. இன்னும் ஒரு வாரம் போனால் எலும்பு தெரியும். ஒரு துண்டுதானே. அவள் அதை எடுத்தாள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. வாய்க்கு அருகே கொண்டுபோனாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் அவள் உதடு, ஆறு வயதில் வெந்த அந்த உதடு, இறுக மூடிக்கொண்டது. திறக்கச் சொன்னாள், திறக்கவில்லை.

அண்ணன் எட்டி அந்தத் துண்டைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

முழுசாக. மென்றான். சிரித்துக்கொண்டே மென்றான். வார்னிஷ் பல்லில் நூல் நூலாக இழுத்தது. கண்ணிலிருந்து தாரைதாரையாகத் தண்ணீர் கொட்டியது, மூக்கு ஒழுகிற்று, கழுத்து நரம்பு புடைத்தது. சிரிப்பு மட்டும் அப்படியே நின்றது. “நல்... நல்லா இருக்கு,” என்றான். விழுங்க முயன்றான். முடியவில்லை.

அந்தக் காட்சியைப்போல அசிங்கமான ஒன்றைப் பாப்பா எந்த விரிப்பிலும் பார்த்ததில்லை. ஐம்பது வயது ஆண்பிள்ளை, நரைத்த மீசை, வாயோரம் பழுப்பு நுரை. அப்பாவுக்காகத் தின்றானா, தங்கைக்காகத் தின்றானா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. எழுந்து அவன் பக்கத்தில் போய்த் தன் உள்ளங்கையை அவன் வாய்க்குக் கீழே நீட்டினாள்.

“துப்புண்ணா.”

அவன் தலையாட்டினான், மாட்டேன் என்று.

“துப்புடா!” வாழ்நாளில் அவனை அவள் ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. “நான் பிடிச்சுக்கறேன். துப்பு.”

துப்பினான். எச்சிலும் வார்னிஷும் மாவுமாக அவள் கையில் விழுந்தது, சூடாக. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் அவன் முதுகைத் தடவினாள். இன்னும் இருக்கிறதா, எல்லாம் துப்பு, எல்லாம், என்றாள். பெரிய அற்புதங்களைக் கடவுள் தன் கையில் வைத்துக்கொண்டு, இந்த மாதிரி சின்னவற்றை நம் கையில் விட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

“மேசைவிரிப்பு!” என்று கத்தினார் ஓவியர். “விரிப்புல படாம! நாப்பது வருஷ விரிப்பு!”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அண்ணியும் திரும்பிவிட்டாள். டோப்பா ஒரு பக்கம் சரிந்திருந்தது. நிருபர் அந்த முகத்தைப் பார்த்தாள்.

“நீங்க... ஐயாவோட மனைவி இல்லையே?”

“நான் மருமக,” என்றாள் அண்ணி. டோப்பாவைக் கழற்றிக் கேக்கின் மேலேயே வைத்தாள். அது ஒட்டிக்கொண்டது. “மாமி உள்ளே இருக்காங்க. பூட்டி வெச்சிருக்கு.”

ஓவியரின் குரல் உடைந்தது. தேன் வடிந்துபோய் அடியில் இருந்த மண்டி வெளியே வந்தது. மகளின் காதருகே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “ஒப்பந்தம் முறிஞ்சுபோச்சு. உங்கம்மா எங்கயும் வரமாட்டா. சாவி அவன்கிட்ட இருக்கு. அவன் என் பையன்.”

அண்ணன் சட்டைக் கையால் வாயைத் துடைத்தான். இடுப்பைத் தடவினான். சாவியை எடுத்துத் தங்கையின் சுத்தமான கையில் வைத்தான்.

“நான் காரை எடுக்கறேன்,” என்றான், குரல் கரகரவென்று. “முன்வாசல்ல.”

அம்மாவை, தான் கொண்டு வந்து பின்வாசலில் விட்டிருந்த சக்கர நாற்காலியில் வைத்துக் கூடத்தின் வழியே தள்ளிக்கொண்டு வந்தாள் பாப்பா. புண் அழுத்தாமலிருக்க ஒரு பக்கம் தலையணை. புகைப்படக்காரர் எழுந்து வந்தார்.

“இதை எடுக்கக்கூடாது!” என்றார் ஓவியர்.

“கேமராவை மூடிட்டேனுங்க. கதவைப் பிடிச்சுக்கத்தான் வரேன்,” என்றார் அவர். அதில் கேலி இல்லை. முன்பக்கச் சக்கரத்தைப் பிடித்துப் படியில் மெதுவாக இறக்கிக் கொடுத்தார். நிருபர் அம்மாவின் தொங்கிய கையை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு தன் பையைத் துழாவி, காகிதத்தில் சுற்றிய ஒரு பன்னை எடுத்தாள். வழியில் தின்ன வாங்கித் தின்னாமல் விட்டது. நசுங்கியிருந்தது. மினுமினுப்பெல்லாம் இல்லை.

“மன்னிச்சுக்கோங்கம்மா, வேற எதுவும் இல்ல,” என்று அம்மாவின் மடியில் வைத்தாள். பாப்பாவிடம், “நான் என்ன எழுதட்டும்?” என்று கேட்டாள்.

“பார்த்ததை எழுதுங்க. அண்ணனை மட்டும் கொஞ்சம் விட்டுடுங்க.”

உள்ளேயிருந்து ஓவியரின் குரல் வந்தது. தேன் திரும்பிவிட்டிருந்தது. “தம்பி, வெளிச்சம் இன்னும் அரை மணி இருக்கு. ரெண்டு நாற்காலியை எடுத்துட்டு, நான் மட்டும் ரொட்டி அறுக்கற மாதிரி ஒண்ணு எடுத்துடலாமா?”

புகைப்படக்காரர் கேமரா முக்காலியை மடக்கி வண்டியில் வைக்கப் போனார். அண்ணி நீல உடையோடே வந்து முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணன் தோட்டக்குழாயில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தான். பாப்பா பின் இருக்கையில் அம்மாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளும் கையைக் குழாயில் கழுவியிருந்தாள். வார்னிஷ் போகவில்லை, விரலிடுக்கில் தோல் தோலாக உரிந்தது. வாடை காரெல்லாம் அடித்தது.

கார் தெருமுனை திரும்பியது. அம்மா மடியில் இருந்த பன்னை வெகுநேரம் பார்த்தாள். நல்ல கையின் ஒரு விரலால் அதைத் தொட்டாள். விரலை மோந்து பார்த்தாள். பிறகு மகளிடம், யாருக்கும் கேட்டுவிடாமல், பாதி வாயால் கேட்டாள்:

“அப்பா படத்தை முடிச்சிட்டாரா?”

முன் இருக்கையில் அண்ணனின் தோள் குலுங்கியது.

“முடிச்சிட்டாரும்மா,” என்றாள் பாப்பா. “நீ சாப்பிடு.”